பழைய வீட்டை இருவரும் சேர்ந்து சீரமைக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடொன்றில் குடியிருந்துகொண்டே, அதன் பழுதுகளில் பெரும்பாலானவற்றை நானும் என் கணவருமே சரிசெய்தோம். அலங்காரமும் எங்கள் கைவேலைதான். அதைக் கேள்விப்பட்ட பல தம்பதிகள் எங்களிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். நேரில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வீட்டில் எது முதலில், எது பிறகு என்பதைக் கண்ணின் ஆசையிடம் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள், வரிசை தானே புலப்படும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை.

வீடு கைக்கு வந்துவிட்டது. முதலில் எதில் கைவைப்பது?

எதிலும் கைவைக்காமல் கொஞ்ச காலம் குடியிருங்கள். ஒரு பெருமழையையாவது அந்தக் கூரையின் கீழ் இருந்து பார்த்துவிடுங்கள். எந்த மூலை ஒழுகுகிறது, மழை விட்டு இரண்டு நாளான பின்னும் எந்தச் சுவர் காயவில்லை, எந்த அறையில் பிற்பகல் வெயில் நேரே அடிக்கிறது, எந்த ஜன்னல்களைத் திறந்தால் காற்று வீட்டைக் குறுக்கே கடக்கிறது என்பதெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தவருக்குத் தெரியாது. சமையலறைச் சுவரை இடித்தே தீருவோம் என்று குடிவந்தவர்கள், சில மாதம் அங்கே சமைத்த பிறகு, ஓர் அலமாரியை இடம் மாற்றினாலே போதும் என்று முடிவுக்கு வருவது உண்டு.

அந்த நாட்களில் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வால்வு உண்மையில் திரும்புகிறதா என்று திருப்பியே பாருங்கள். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். அளவு நகர்ந்திருந்தால் எங்கோ மறைவில் கசிவு இருக்கிறது. மழைநீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் சருகுகளை அள்ளிப் போடுங்கள். இந்த ஒரு வேலை மட்டுமே சில சுவர்களைக் காயவைத்துவிடும்.

வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

கூரையும் மழைநீர் வடியும் வழியும் முதலில். பிறகு சுவர் விரிசல், தளத்தின் பலவீனம் போன்ற கட்டுமானப் பழுதுகள். அடுத்து, சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும். அதற்குப் பின்தான் பூச்சு வேலை, தரை, கதவு ஜன்னல்கள், பெயிண்ட், திரைச்சீலை. இந்த வரிசையைக் கலைத்தால் செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரை வயரிங்குக்காகக் கொத்துவதைப் போல மனம் சோர்ந்துபோகும் வேலை வேறில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு தருவேன். ஓர் அறையை, பெரிய பழுது எதுவும் இல்லாத அறையாகப் பார்த்து, முதல் மாதத்திலேயே சுத்தம் செய்து வெள்ளையடித்து உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு முழுவதும் புழுதியாக இருக்கும் மாதங்களில் இருவரும் நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டும்.

சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. பல இடங்களில் அதுவே கேட்டை வளர்க்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சுவரின் முகத்தை மூடினால், வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளே தங்கி, சற்று மேலேயோ பக்கத்திலோ போய் வெளிப்படும். அதனோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளிப் பெயர்த்துவிடும்.

ஈரம் மூன்று வழிகளில் வரும். தரையிலிருந்து சுவர் உறிஞ்சுவது ஒன்று. இது சுவரின் அடிப்பகுதியில், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள், உப்புப் பூத்த பட்டையாகத் தெரியும். வெளியிலிருந்தோ குழாயிலிருந்தோ கசிந்து வருவது இன்னொன்று. இது திட்டுத்திட்டாக இருக்கும்; வெளியிலிருந்து வருவதென்றால் மழையோடு கூடும், வெயிலோடு குறையும். மூன்றாவது, அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராவது. காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சதுர அடி அளவுக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய பக்கத்தில் துளிகள் இருந்தால் அது காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறப்பதும், குளியலறைக்குக் காற்றை வெளியேற்றும் விசிறி பொருத்துவதும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைப்பதும்தான் அதற்கு மருந்து.

தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கு வெளிப்பக்கத்தைப் பாருங்கள். காலப்போக்கில் மண்ணோ தளமோ ஏறி, வெளித்தரை மட்டம் வீட்டின் உள்தரைக்குச் சமமாகவோ மேலாகவோ வந்திருக்கலாம். சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். இதற்கு மண்வெட்டியும் முதுகும் போதும்.

சுவர் விரிசலைக் கண்டால் பயமாக இருக்கிறது. எது ஆபத்தானது?

தலைமுடி அளவுக்கு, பூச்சில் மட்டும் ஓடும் விரிசல் வயதின் அடையாளம். அதைச் சற்று அகலமாகக் கீறி, தூசி தட்டி, நனைத்து, நிரப்பிவிடலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் விரியும் விரிசல், இருபக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாத விரிசல், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது ஆகியவற்றை நீங்களே மூடாதீர்கள். கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நடுவில் இருப்பவற்றைக் கண்காணிக்கலாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவே ஓரிடத்தில் அகலத்தை அளந்து குறியுங்கள். மழைக்காலமும் வறண்ட காலமும் கடக்கட்டும். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்திருந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது என்று பொருள். வளராமல் நின்றிருந்தால் அது பழைய கதை, தைரியமாக நிரப்புங்கள்.

கான்கிரீட் தளத்தின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறதென்றால் அது தனி விஷயம். இரும்பு துருப்பிடிக்கும்போது முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தமே கான்கிரீட்டை உடைக்கிறது. மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு தொடரும். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

இரண்டு அறைகளை ஒன்றாக்க நடுச்சுவரை இடிக்கலாமா?

பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை கூடாது. தடிமன் குறைவான சுவர் பாரம் தாங்காது என்று பலர் நம்புகிறார்கள். பழைய வீடுகளில் அது செல்லாது, மெல்லிய சுவரின் மேலும் விட்டம் உட்கார்ந்திருக்கலாம். அடுக்குமாடியாக இருந்தால் மேலே கீழே இருப்பவர்களின் உயிரும் அதில் இருக்கிறது. சுவர் இடிக்கவும் வெளிமுகத்தை மாற்றவும் உள்ளாட்சி அனுமதி தேவைப்படலாம். அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பூச்சு ஆங்காங்கே பெயர்ந்திருக்கிறது. முழுச் சுவரையும் உரிக்க வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். விரல் முட்டியால் சுவரை ஒரு பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மந்தமான, கெட்டியான சத்தம் வரும். விட்டுப்போன இடத்தில் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும். சத்தம் மாறும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால், கொஞ்ச நேரத்தில் சுவரின் மேல் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். அந்தக் கோட்டுக்குள் இருப்பதை மட்டும் பெயர்த்தெடுங்கள். ஓரங்களைச் சதுரமாக வெட்டி, தூசியைத் தூரிகையால் துடைத்து, செங்கல்லை நன்றாக நனைத்த பிறகு புதுக் கலவை வையுங்கள். நனைக்காவிட்டால் கலவையின் தண்ணீரைச் செங்கல் குடித்துவிடும், பூச்சு சீக்கிரமே விட்டுவிடும்.

எந்தக் கலவை என்பதில் நான் சற்றுக் கண்டிப்பானவள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்புக் கலவையே பொருந்தும். அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் குணம் உடையவை. சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடுகிறது. கெட்டியான சிமெண்ட் பூச்சு வழியை அடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் மென்மையான பழைய செங்கல்லைவிடச் சிமெண்ட் வலிமையானது என்பதால், சுவர் சிறிது அசைந்தாலும் உடைவது செங்கல்லாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி இறுகுவதால் நேரம் எடுக்கும், மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். அந்தப் பொறுமை வீட்டுக்குத் தேவை. கையில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள்.

வீடு சிமெண்ட் கட்டுமானம் என்றால் சிமெண்ட் பூச்சே சரி. பூசியபின் ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள், பெயிண்ட் அடிக்க நான்கு வாரம் காத்திருங்கள். புதுச் சிமெண்டில் காரத்தன்மை மிக அதிகம். அவசரப்பட்டு அதன்மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் பிசுபிசுத்து உரிந்துவிடும்.

எந்த வேலைகளை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும்?

தவறினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். தவறினால் அழகு கெடும் என்றால் நீங்களே செய்யுங்கள்; கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. தவறினால் உயிர் போகும் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். மின்சாரம், சமையல் எரிவாயு, பாரம் தாங்கும் சுவர், உயரமான கூரை ஆகிய நான்கும் இரண்டாவது வகை.

பழைய வயரிங்கைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பரும் துணியும் சுற்றிய பழைய கம்பிகளில் அந்த உறை காலத்தில் காய்ந்து, தொட்டாலே உதிரும். விளக்குகள் எரிகின்றன என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு முழு வயரிங்கையும் சோதித்து, எர்த் இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று உறுதி செய்து, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவியைப் பொருத்துங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் சாக்கெட் வேண்டும் என்று முன்கூட்டியே சுவரில் குறித்து வைப்பது உங்கள் வேலை. அதில் நீங்கள் செலவிடும் ஒரு மாலை நேரம் பல ஆண்டு வசதியைத் தரும்.

சுவரில் துளை போடும் முன் ஒரு விதி: சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளைக்காதீர்கள். கம்பி பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவது ஆபத்து என்கிறார்களே?

உண்மை. பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் கலப்பது உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது. கட்டடங்களின் உட்புறப் பெயிண்டில் வெள்ளை ஈயத்தை (வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் ஈயச் சேர்மம்) கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1921-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-ல்தான். பல நாடுகள் அதற்கும் பின்தங்கின. எனவே கதவு, ஜன்னல், கைப்பிடிக் கம்பிகளில் இருக்கும் தடித்த பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோதித்து இல்லை என்று தெரிந்தால் மகிழ்ச்சி.

உரியாமல் கெட்டியாக ஒட்டியிருக்கும் பெயிண்ட் அவ்வளவு ஆபத்தில்லை. அதை ஈரமாக்கி லேசாகத் தேய்த்து மேலே புதிதாக அடிக்கலாம். தூசியாகும்போதுதான் அது உடலுக்குள் போகிறது. ஆகவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், மின்சாரத் தேய்ப்புக் கருவியைக் கொண்டுவராதீர்கள், தீச்சுவாலையால் எரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். நுண்தூசியைத் தடுக்கும், முகத்தோடு பொருந்தும் முகக்கவசம் அணியுங்கள். சாதாரணத் துணி பயன்படாது. சுரண்டியதைப் பையில் கட்டி, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அந்த வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்கக் கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் மீட்க முடியாதபடி பாதிக்கும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த கூரைத் தகடு, பழைய குழாய்களின் மேலுறை, சில பழைய தரை ஓடுகள் ஆகியவையும் அப்படித்தான். உடையாமல் இருந்தால் தொடாதீர்கள். துளைப்பதும் அறுப்பதும் தேய்ப்பதும் கூடாது. அதன் இழைகளைச் சுவாசித்தால் நோய் பல பத்தாண்டுகள் கழித்து வரும். அகற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்றுங்கள்.

பழைய கதவு தரையைத் தேய்க்கிறது, பூட்டினால் பூட்டுவதில்லை. மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். நல்ல மரத்தில் செய்த பழைய கதவை எறிந்துவிட்டு அழுத்திய மரத்தூள் பலகைக் கதவு வைப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் மேல் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, பிடியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்குங்கள். கீல் நிலையைவிட்டு விலகி அசைந்தால் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி, ஓட்டையில் பசை தடவிய மெல்லிய மரச்சிம்புகளை இறுக அடைத்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டி, மீண்டும் திருகாணி முடுக்குங்கள். கதவு தன் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பாதிக் கதவுகள் இதிலேயே சரியாகிவிடும்.

அப்படியும் இடித்தால், கதவின் ஓரம் முழுவதும் வண்ணச் சாக்பீஸைத் தேய்த்து மூடித் திறந்து பாருங்கள். நிலையில் எங்கே வண்ணம் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் இழைப்புளியால் ஒரு மெல்லிய சுருள் வரும் அளவுக்குச் சீவி, மறுபடி சாக்பீஸ் தடவிப் பாருங்கள். ஈரக்காலத்தில் மரம் உப்பும். எனவே மழைக்காலத்தில் அதிகமாகச் சீவினால் கோடையில் இடைவெளி விழும். சீவிய இடத்தைப் பச்சையாக விடாமல் வார்னிஷோ பெயிண்டோ அடித்து மூடுங்கள்.

மரத்துக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகும். குவியலுக்குள் வெப்பம் சேர்ந்து, நெருப்பே இல்லாமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

மரத்தில் கரையான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரின் ஓரமாகப் பென்சில் தடிமனில் மண்குழாய் ஏறியிருக்கும். மரத்தைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வரும், திருப்புளியால் குத்தினால் எளிதில் இறங்கும். குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே புதிதாக மாவு போன்ற தூளும் இருந்தால் அது மரத் துளைப்பான் வண்டு. பழைய துளைகள், தூள் இல்லை என்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது. கரையானையும் ஈரத்தையும் நிறுத்தாமல் மரத்தை மாற்றினால் புது மரமும் அதே வழியில் போகும். மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சைக்குச் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். மரத்தைக் காய்வாக வைத்திருப்பதே முதல் காப்பு.

பழைய தரையை உடைத்துப் புது டைல்ஸ் போடலாமா, மெருகேற்றலாமா?

தரை கெட்டியாக இருந்தால் மெருகேற்றுங்கள். அழுக்கு ஏறிய மொசைக் தரை பலமுறை அதன் கீழே அருமையான நிறத்தை ஒளித்து வைத்திருக்கும். மொசைக்கையும் பளிங்கையும் அமிலத்தால் கழுவாதீர்கள். கழிப்பறை கழுவும் திரவம், வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைத்து, பளபளப்பை அழித்துவிடும். மென்மையான சோப்பு, வெந்நீர், நைலான் தூரிகை போதும். மரத்தரையைத் தேய்ப்பவர்கள் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, 80, 120 என்ற எண்ணுள்ள தாள்கள் என்று படிப்படியாக நைசுக்கு வாருங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் முதல் தாளின் கீறல்கள் வார்னிஷ் அடித்ததும் பளிச்சென்று தெரியும்.

குளியலறையை நாமே செய்யலாமா?

டைல்ஸ் ஒட்டுவதைக் கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் கசிவது டைல்ஸ் இடுக்கு நிரப்பியின் வழியாகத்தான். அது தண்ணீரைத் தடுக்கும் பொருள் அல்ல. அடியில் பூசும் நீர்த்தடுப்புப் படலமே தடுக்கிறது. அந்தப் படலம் முடிந்ததும் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிவைத்து, கீழேயும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸுக்குப் போங்கள். தரை வடிகாலை நோக்கி மீட்டருக்குப் பத்து முதல் பதினைந்து மில்லிமீட்டர் சரியட்டும். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் போன்ற சிலிக்கான் பசையைப் போடும்போது பழையதை முழுவதும் சுரண்டி எடுங்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது.

இந்த வேலையில் கணவன் மனைவிக்குள் சண்டை வராமல் இருக்குமா?

வரும். எங்களுக்கும் வந்தது. சண்டையின் காரணங்கள் வெளியே வேறு வேறாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் ஒருவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், மற்றவருக்கு நேர்த்தியாக முடிய வேண்டும். இதை முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எந்த வேலையில் நேர்த்தி முக்கியம், எதில் போதுமான அளவே போதும் என்று இருவரும் சேர்ந்து எழுதி வையுங்கள். வரவேற்பறைச் சுவர் முதல் வகை. சாமான் அறையின் உட்புறம் இரண்டாம் வகை.

என்ன செய்வது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எப்படிச் செய்வது என்பதை அந்த வேலையைச் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். ஏணியில் நிற்பவருக்குக் கீழே நின்று ஆலோசனை சொன்னால் சுவரும் நன்றாக வராது, பேச்சும் நன்றாக வராது. பசியோடும் களைப்போடும் எந்த முடிவையும் எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் உளியையும் தூரிகையையும் தொடாமல் இருங்கள்.

பெண்களிடம் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். ஆண் துளையிடுவதும் பெண் கூட்டி அள்ளுவதும் என்று வேலை தானாகப் பிரிந்துவிடும். விட்டால் கடைசிவரை அப்படியே இருக்கும். முதல் வாரத்திலேயே கருவிகளைக் கையில் எடுங்கள். எங்கள் வீட்டில் பூச்சு வேலையும் தச்சு வேலையும் என்னுடையவை; பெயிண்டிங்கும் பிளம்பிங்கும் அவருடையவை. கூட்டிப் பெருக்குவது, சாமான் வாங்கி வருவது, அன்றைய சமையல் ஆகியவையும் வேலைகளே. அவற்றையும் எழுதி, முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புழுதியோடு எப்படிக் குடியிருப்பது?

ஒரு நேரத்தில் ஓர் அறை. வேலை நடக்கும் அறையின் வாசலைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களுக்கு டேப் ஒட்டுங்கள். அந்த அறையின் ஜன்னலில் வெளிநோக்கிக் காற்றை இழுக்கும் விசிறி வைத்தால் தூசி வீட்டுக்குள் வராது. வேலைச் செருப்பும் வேலை உடையும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது.

எவ்வளவு பணம் தேவைப்படும்?

வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் நீங்கள் போடும் கணக்கின் மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் ஒரு பலகையைப் பெயர்த்தால் அதன் பின்னால் இன்னொரு வேலை காத்திருக்கும். கருவிகளில் அடிக்கடி கையில் எடுப்பவற்றை நல்லதாக வாங்குங்கள்: சுத்தியல், உளி, ரசமட்டம், அளவு நாடா, தூரிகை. ஒருமுறை மட்டும் தேவைப்படும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்.

நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெயிண்ட் எவ்வளவு வாங்குவது?

கடையில் கொடுக்கும் சின்ன அட்டையை நம்பாதீர்கள். முழுச் சுவரில் எந்த நிறமும் அட்டையில் தெரிந்ததைவிட அழுத்தமாகத் தெரியும். இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, மாலை, இரவு விளக்கு ஆகிய மூன்று வேளையிலும் பாருங்கள். எந்த விளக்கைப் போடப் போகிறீர்களோ அதே விளக்கில் பாருங்கள். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) பல்பு சாம்பல் நிறத்தை மஞ்சளாக்கிவிடும். 6500 கெல்வின் பல்பு அதையே நீலமாகக் காட்டும்.

அளவுக்கு வருவோம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் சுற்றளவு 14 மீட்டர். உயரத்தோடு பெருக்கினால் 42 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு ஐந்து கழித்தால் 37. இரண்டு கோட்டுக்கு 74. லிட்டருக்கு ஒரு கோட் சுமார் பத்து சதுர மீட்டர் வரும் என்றால் ஏழரை லிட்டர் தேவை. சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும். ஒரே நிறத்தில் பல டப்பாக்கள் வாங்கினால், எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகே அடிக்கத் தொடங்குங்கள். டப்பாவுக்கு டப்பா நுட்பமான வேறுபாடு இருக்கும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது தெரிந்துவிடும்.

கூரையின் உட்புறம் முதலில், சுவர் அடுத்து, மரவேலை கடைசியில். டேப் ஒட்டியிருந்தால் கடைசிக் கோட் முழுவதும் காய்வதற்கு முன்பே, சாய்வாக மெல்ல இழுத்து எடுங்கள். பட்டி பார்ப்பதிலும் தேய்ப்பதிலும் நேரம் போவதைக் கண்டு சலிக்காதீர்கள். பெயிண்ட் எந்தக் குறையையும் மறைப்பதில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் அதை எடுத்தே காட்டும். கையில் ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் எல்லா மேடு பள்ளமும் தெரியும். அவற்றை அப்போதே தேய்த்துவிடுங்கள்.

அலங்காரத்தில் செலவில்லாமல் பெரிய மாற்றம் தருவது எது?

வெளிச்சம். நடுக்கூரையில் ஒரே விளக்கு இருக்கும் அறையில் கண்ணுக்குக் கீழ் உயரத்தில் இரண்டு மூன்று சிறு விளக்குகள் வையுங்கள், அறையின் முகமே மாறும். திரைச்சீலைக் கம்பியை ஜன்னலுக்குச் சற்று மேலே, இருபுறமும் ஒரு சாண் அகலமாகப் பொருத்துங்கள். திறந்து வைக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது, ஜன்னல் பெரிதாகத் தெரியும். படங்களை மிக உயரத்தில் மாட்டுவது பரவலான பழக்கம். படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். பல அடுக்குப் பெயிண்டுக்குள் புதைந்த பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் மெல்லக் கொதிக்கவைத்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். ஈயம் இருக்கலாம் என்பதால் சமையல் பாத்திரத்தையும் சமையலறையையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பளபளவென்று தேய்த்த ஒரு தாழ்ப்பாளும் இரண்டு கீல்களும் ஒரு கதவுக்குத் தரும் அழகைப் புதுப் பொருள் எதுவும் தராது.

வேலை முடிந்த பிறகு எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி பெயிண்ட், அதன்மேல் அறையின் பெயர், நிற எண், அடித்த தேதி. ஒவ்வொரு டைல்ஸிலும் சில உபரித் துண்டுகள். பிற்காலத்தில் அதே தொகுப்பு கிடைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பூச்சு மூடுவதற்கு முன் எடுத்த படங்கள்: குழாயும் கம்பியும் ஓடும் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைச் சுவரில் விரித்துப் பிடித்தபடி, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியுமாறு எடுத்து, அச்சிட்டு, மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு உறையில் வையுங்கள்.